ஏழாவது வண்டியின் மீட்டர்

முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே விண்விண் என்று தெறித்தன. இருபத்தாறு வருடம் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டு வேலை செய்த கால்கள். பாகலூர் ரோட்டில் எங்கள் யார்டு கேட்டில் கோர்ட்டு வைத்த சீலை உடைத்து உள்ளே விட்டபோது மணி பதினொன்று. நல்ல வெயில்.

பழைய பொக்லைன்களை வாங்கி, பழுது பார்த்து விற்ற கம்பெனி. ஒன்பது மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. திவால் கேஸுக்காகக் கணக்கெடுக்க மோகனப்ரியா என்ற பெண் வந்திருந்தாள். நான் தேவமணி, அங்கே ஹெட் மெக்கானிக். ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டர் பார்த்துச் சொல்வது என் வேலை. அதை வைத்துத்தான் விலை. விலை வந்தால்தான் பதினான்கு பேருக்கு ஏழு மாதச் சம்பள பாக்கி கிடைக்கும்.

"தேவமணி, மத்ததெல்லாம் பேங்குக்குப் போயிடும். அந்தக் கடைசி வண்டிதான் நமக்கு மிச்சம். பாத்துச் சொல்லு" என்றார் முதலாளி சிவராஜ். கேட்டோரம் செருப்பில்லாமல் நின்றிருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

மூலையில் நின்றது ஏழாவது வண்டி. "மூவாயிரத்து நூத்தி நாலு" என்று கீழே நின்றபடியே சொன்னேன். ஏறிப் பார்க்கத் தேவையில்லை. அந்த நம்பரை வைத்ததே நான்தான். விற்பனைக்கு வந்தபோது, முதலாளி சொல்லி, ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்ற மீட்டரைக் கழற்றிப் பின்னால் ஓட்டினேன்.

மோகனப்ரியா ஏறிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒம்பதாயிரத்து நானூத்தி பதினாறுன்னு இருக்கே?"

"வேற வண்டியப் பாத்திருப்பீங்கம்மா."

"இதுக்குள்ளதான நிக்கறேன்? நீங்க கண்ணாடி மாத்துங்கண்ணா." சிரித்துக்கொண்டே இறங்கி, மற்ற வண்டிகளைப் படமெடுக்கப் போனாள்.

நான் ஏறினேன்.

ஒன்பது மாதம் மூடிக் கிடந்த கேபினில் எலி நாற்றம் அடித்திருக்க வேண்டும். அடித்தது சூடான ஹைட்ராலிக் எண்ணெய் வாசனை. கூடவே பீடிப்புகை. சீட்டைத் தொட்டேன். வெயில் படாத மூலை.

சீட்டில் சூடு இருந்தது.

மீட்டரில் 9416.

இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி இல்லை. வெறும் ஒயர் முனைகள், வெள்ளையாய்ப் பூத்துப்போய்.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் ஏழு மாதச் சம்பளம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கைக்குப் பழகிய வேலை, நாலு நிமிடம். 3104-ல் நிறுத்தி, ஸ்க்ரூவை முடுக்கி, இறங்கக் காலை நீட்டினேன்.

டக். டக்.

மண் அள்ளும் பக்கெட்டின் மேல் ஸ்பேனரால் இரண்டு தட்டு.

ஆஞ்சப்பன் அப்படித்தான் தட்டுவான்.

ஆஞ்சப்பன் எங்கள் ஆபரேட்டர், வாயில் பீடி இல்லாமல் இருக்கமாட்டான். இதே வண்டியில், பக்கெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் கிரீஸ் வைக்கப் போனவன், தட்டிவிட்டு என்னைக் கேட்டான்: "ணா, ஹோஸ் மாத்தி எத்தன மணி நேரம் ஓடுச்சு?" பக்கத்தில் வண்டி வாங்க வந்த பார்ட்டி நின்றிருந்தார். அவர் முன்னால் நான் நிஜத்தைச் சொல்ல முடியுமா? "வண்டியே மூவாயிரந்தான்டா ஓடிருக்கு. பயந்தாங்கொள்ளி, போ" என்றேன். பார்ட்டி சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து போனான்.

பக்கெட்டைத் தாங்கும் எண்ணெய்க் குழாய், அந்த ஹோஸ், வெடித்தது. பக்கெட் அவன்மேல் இறங்கியது.

அதற்குப் பிறகு யார்டுக்குப் பார்ட்டிகள் வரவில்லை. கம்பெனி விழுந்தது அப்படித்தான்.

திரும்பி மீட்டரைப் பார்த்தேன். 9416.

மறுபடி கழற்றினேன், ஓட்டினேன், முடுக்கினேன்.

9416.

மூன்றாவது தடவை ஸ்க்ரூ டிரைவரை மீட்டரில் வைத்தேன். கீழே, பக்கெட்டுக்கு அடியிலிருந்து, ரகசியம் பேசுவதுபோல் ஒரு குரல்.

"ணா, ஹோஸ் மாத்தி எத்தன மணி நேரம் ஓடுச்சு?"

"மாத்தவே இல்லடா" என்றேன். "ஒம்பதாயிரத்து நானூத்தி பதினாறு."

குரல் அதோடு நின்றது. பீடி வாசனை மட்டும் போகவில்லை.

மோகனப்ரியா வந்ததும் அந்த நம்பரையே சொன்னேன்.

"அப்ப இரும்பு வெலதாண்ணா. உங்க பதினாலு பேருக்கும் ஒண்ணும் மிஞ்சாது."

"எழுதிக்கங்கம்மா."

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என்ன பண்ணித் தொலைச்ச தேவமணி?"

வண்டியை கேஸ் கட்டரால் அறுத்து லாரியில் ஏற்றினார்கள். மீட்டரை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். ஒயர் இல்லை, இன்ஜின் இல்லை. பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தேன். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தபோது 9424. அதற்கடுத்த நாள் 9432. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒரு ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கிறது.

அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று போலீஸ் ஸ்டேஷனில் கம்பெனி கொடுத்த காகிதத்தில் 'ஆபரேட்டரின் அஜாக்கிரதை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அவன் பெண்டாட்டி ராஜாத்தி தளி ஊரில் ரோஜாத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். அந்தக் காகிதத்தால் அவளுக்கு நஷ்ட ஈடு வரவில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "அவரு எப்பவும் அவசரக்காரருண்ணா" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இன்று காலை மீட்டரில் 9712.

ஆஞ்சப்பன் செத்தது அவன் தப்பால் இல்லை, நான் சொன்ன பொய்யால் என்று ராஜாத்தியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் கடனை நான் இன்னும் அடைக்கவில்லை.