ஒழுகாத ஜாயிண்ட்

குழிக்குள் தாண்டவராயன் செத்துக் கிடந்தான்!

மேலே நின்ற ராயப்பன் கையில் குழாய் முடுக்கும் ரெஞ்ச். உடம்பெல்லாம் வேர்வை.

விழுப்புரம், 1938. காலை ஆறு மணி. தண்ணீர்க் குழாய் பதிக்கப் புதிதாய் வெட்டிய குழி. தெருவில் ஈ, காக்கை இல்லை.

ஐந்து நிமிஷம் முன்புகூட, ரெஞ்சோடு வரச் சொன்ன தாண்டவராயன் சிரித்தானே!

"வாடா ராயப்பா! உனக்குன்னே ஒரு ஜாயிண்ட்ட வுட்டு வெச்சிருக்கேன். எறங்கு, ஜல்தி!"

எறங்கு! கூலியாளைக் கூப்பிடுகிற மாதிரி!

அவன் சட்டையில் நகரசபை கொடுத்த பித்தளை வில்லை பளபளத்தது. லைசென்ஸ் நம்பர் ஒன்று. ஊரில் இருந்ததே அது ஒன்றுதான். அது இல்லாதவன் குழாயைத் தொட்டால் அபராதம்.

இருவரும் ஒன்றாய்த் தொழில் கற்றவர்கள். தாண்டவராயன் பூட்டினால் ஒழுகும், அது ஊருக்கே தெரியும். ராயப்பன் பூட்டினால் சொட்டு வராது. ஆனால் வில்லை தாண்டவராயனுக்கு! ராயப்பன் போட்ட மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. லைசென்ஸ் உள்ளவன் சிபாரிசுக் கையெழுத்துப் போடணுமாம். யாரிடம் கேட்பது? இந்தப் பயலிடம் போய்ப் பல்லிளிப்பதா?

மூன்று வருஷமாய் எரிந்த வயிறு! ரெஞ்ச் உயர்ந்தது... ஒரே அடி!

பிறகு கரையை மிதித்துச் சரித்தான். மண் பாதி உடம்பை மூடியது. குழி சரிந்து செத்தான் என்பார்கள்... கச்சிதம்!

கிளம்பியவன் நின்றான்.

சொட்... சொட்...

குழியின் மறுகோடியில் அந்த ஜாயிண்ட். அரைகுறையாய்த் தொங்கிக்கொண்டு, ஒழுகிக்கொண்டு.

"த்தூ! இவனுக்கு லைசென்ஸ் ஒரு கேடு!"

ஓடு என்றது புத்தி. கை கேட்கவில்லை. குழிக்குள் இறங்கி, தாண்டவராயன் பையிலிருந்த சணலை எடுத்துச் சுற்றினான். வெள்ளை ஈயப் பசையைத் தடவினான். இறுக்கி முடுக்கினான்.

சொட்டு நின்றது. அப்புறம்தான் அவனுக்கு மூச்சே வந்தது!

ஒன்பது மணி. குழியைச் சுற்றிக் கூட்டம். ராயப்பன் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஐயோ தாண்டவா! திண்டிவனத்துலேர்ந்து இப்பத்தான் ரயில வுட்டு எறங்கி வர்றேன்... இப்படிப் போயிட்டியேடா!"

இன்ஸ்பெக்டர் வேங்கடேசன் நோட்டை மூடினார். "மண்ணு சரிஞ்சிருக்கு. ஆக்சிடெண்ட்தான். பாடிய எடுங்க."

ராயப்பன் உள்ளுக்குள் குதித்தான். இனி வில்லை எனக்குத்தான்!

அப்போது சைக்கிளில் வந்து இறங்கினார் நகரசபை ஓவர்சியர் சீனுவாசன். பிணத்தைப் பார்த்துப் பதறினார். ஜாயிண்ட்டைக் கண்டதும் சட்டென்று அதன் பக்கம் குனிந்தார்!

"சார்... இத யாரு முடுக்குனது?"

"செத்தவன்தான். வேற யாரு?"

"இருக்கவே இருக்காது சார்! நேத்து சாயங்காலம் என் கண் முன்னாலதான் வேணும்னே லூசா வுட்டுட்டுப் போனான். தொடவே மாட்டேன்னான். தவிர, அவன் பூட்டுனா ஒழுகணுமே!"

இன்ஸ்பெக்டர் விரலை வைத்துப் பார்த்தார். வெள்ளை ஒட்டியது. இன்னும் ஈரம்!

அவர் பார்வை கூட்டத்தைச் சுற்றி வந்து ஓர் இடத்தில் நின்றது.

"ராயப்பா, கையக் காட்டு."

"எ... எதுக்குங்க?"

"காட்டுய்யா!"

நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

"ரயில்ல கொழாய் முடுக்கிக்கினே வந்தியோ?"

ராயப்பன் வெடித்தான். "ஆமாங்க! நான்தான்! வேலை தெரிஞ்சவன் நானு... வில்லை அவனுக்கா? என்னக் கூலியாளாட்டம் கூப்ட்டான் சார்!"

ஓவர்சியர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"அடப்பாவி! கூலிக்கா கூப்ட்டான்? திரும்பி வந்த உன் மனுவக் கேட்டு வாங்கி, முந்தாநேத்தே கையெழுத்துப் போட்டுட்டான்யா! இன்னிக்கு ஒம்போது மணிக்கு உனக்குப் பரீட்சை. 'அந்த ஜாயிண்ட்ட ராயப்பன்தான் பூட்டணும், அவன் கை யாருக்கும் வராது'ன்னு உனக்காக வுட்டு வெச்சான்!"

ராயப்பன் குழியோரம் பொத்தென்று உட்கார்ந்தான்.

"தாண்டவா..." என்றான். "சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா..."

சொல்லத்தான் வாயைத் திறந்தான் அவன். இவன்தான் விடவில்லை.

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டினார். ஓவர்சியர் ஜாயிண்ட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை!

"பரீட்சையில பாஸு. லைசென்ஸ எந்த அட்ரஸுக்கு சார் அனுப்பறது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஜெயிலுக்கே அனுப்புங்க. அங்க கொழாயெல்லாம் ஒழுகிக்கினு கெடக்குதாம்!"