மாத்திரைக்கு அடங்காத சத்தம்

விடிந்ததும் கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரி முனையில் நின்றது. இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் சந்திரலேகா, வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். தோளில் துணிப்பையோடு அன்றுதான் புது ஹாஸ்டலுக்குக் குடிவந்தாள்.

ஹாஸ்டல் என்று கட்டடத்துக்காரர் ஜெகநாதன் போர்டு மாட்டியிருந்தாரே தவிர, அவருடைய அப்பா காலத்தில் அது மடம். மனம் பேதலித்தவர்களை வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். பெரியவர் வேப்பிலையால் அடிப்பார், சங்கிலியால் கட்டுவார். பேய் இறங்கினால் சங்கிலி தானே கழலும் என்பது அங்கே ஐதீகம். பேய் இறங்கியதோ இல்லையோ, ஆள் போய்ச் சேர்ந்ததுண்டு. யாரையும் கட்டிப் போடக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டதும் மடம் மூடியது. கம்பெனிகள் வந்ததும் ஜெகநாதன் சுண்ணாம்பு அடித்து வாடகைக்கு விட்டார். சங்கிலிகளை எடைக்குப் போட்ட மனுஷன், சுவரில் பதித்த இரும்பு வளையங்களைப் பிடுங்கச் சோம்பல்பட்டார். பெண்கள் அவற்றில் கயிறு கட்டி யூனிபாரம் காயப்போட்டார்கள்.

இரவில் வேலை செய்தால் பகலில் தூங்க வேண்டுமே. அறை ஜன்னல் முழுக்கப் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. வேர்வை, ஈரத்துணி, அதற்கும் அடியில் துரு நாற்றம்.

சந்திரலேகா மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தாள்.

மூலையில் இரும்பு உரசியது.

சர்ர்ர்... நின்றது. மறுபடி சர்ர்ர்.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பேய்க்குப் பயந்தல்ல, நோய்க்குப் பயந்து. இரண்டு வருஷம் முன்பு அவள் காதில் குரல்கள் கேட்டன. பேர் சொல்லித் திட்டின. அண்ணன் நம்பிராஜன் அவளை மாட்டுத் தொழுவத்தில் கட்டிப்போட்டான். அவனுக்குத் தெரியாமல் அம்மாதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாத்திரையில் குரல்கள் ஓய்ந்தன. இப்போது சங்கிலிச் சத்தம் கேட்கிறது என்று வாய் திறந்தால் வேலை போச்சு, மறுபடி தொழுவம்தான்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சத்தம் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு உரசலுக்கும் பக்கத்துப் பாயில் உத்திரமேரூர் கங்கா போர்வையை இழுத்து மூடுவதைக் கவனித்தாள்.

"கங்கா, ஒனக்கும் கேக்குதா?"

"மெதுவா பேசுடி. எல்லாருக்குந்தான் கேக்குது. வெளிய சொன்னா நம்பளத்தான் லூசும்பாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அறை முழுக்க அரண்டு கிடந்தும் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. சந்திரலேகாவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. நோய் இல்லை, பேய்தான்! இதைவிட நல்ல செய்தி ஒருத்திக்கு உண்டா?

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அறையைப் பார்க்க வந்த ஜெகநாதன் கண்ணில் மாத்திரை அட்டை பட்டது. மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தார், வள்ளியூருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம்பிராஜனோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா, பைத்தியத்துக்கு மாத்திர துன்னுக்கினு எங்க வூட்லயா கீற?"

"ஏட்டி, கெளம்பு," என்றான் அண்ணன். "உத்தியோகம் பாத்துக் கிழிச்சது போதும். கட்டிப் போட்டாத்தான் ஒனக்கு எறங்கும்." வளையத்திலிருந்து கொடிக்கயிற்றை உருவி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வரமாட்டேன். எனக்கு வந்தது சீக்கு. மருந்து திங்கேன், வேலை பாக்குதேன். கயிறு வேணும்னா ஒன்னைய நீயே கட்டிக்கோ."

அவன் கையை ஓங்கினான்.

இரும்பு உரசியது.

ஜெகநாதன் முகத்தில் ஈயாடவில்லை. சிறுவயதில் கேட்டு வளர்ந்த சத்தம் அல்லவா. "பாஞ்சாலி..." என்று முனகினார். "இந்த மூலைலதான் செத்தா. எங்கப்பா கடைசி வரிக்கும் அவுக்கல." சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார்.

நம்பிராஜனும் ஓடப் பார்த்தான்.

வலது கால் வரவில்லை.

தரையில் ஒன்றுமில்லை. காலைச் சுற்றியும் ஒன்றுமில்லை. கணுக்காலில் சதை மட்டும் வளையமாக அமுங்கியது.

"லேகா, அவுத்து விடச் சொல்லு," என்று தேம்பினான்.

இதே வார்த்தையைத் தொழுவத்தில் அவள் எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்! இனித்தது, பொய் சொல்வானேன். ஆனால் கட்டுண்டு கிடக்கும் வலி அவளுக்குத் தெரியும். அது அண்ணனுக்கும் வேண்டாம் என்று தோன்றியது. மூலையைப் பார்த்து, "விட்டுரு அக்கா, போவட்டும்," என்றாள்.

கால் விடுபட்டது. அவன் செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஏறினான். ஜெகநாதன் அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே தலைகாட்டவில்லை.

எல்லோரும் வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். சந்திரலேகா கேட்கவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, பாயை அந்த மூலையிலேயே விரித்தாள். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினாள்.

சங்கிலி உரசவில்லை. காதருகே, நெடுநாள் பேசாத தொண்டை ஒன்று கரகரத்தது.

"எனக்கு?"

அவள் கை அப்படியே நின்றது. குரலா? மறுபடியும் குரலா? கங்கா பக்கம் திரும்பினாள்.

போர்வைக்குள்ளிருந்து கங்கா கிசுகிசுத்தாள்.

"பாவம்டி, அவளுக்கும் ஒண்ணு குடுத்துடு."