ஒவ்வொன்றாக அணைத்து

பெட்டியை அணைத்த பிறகும் திரையில் அந்த முள் அப்படியே நின்றது.

பிரீத்திகா குனிந்து பார்த்தாள். பம்ப்செட் மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோல் பெட்டி; கணபதி ஏரியாவில் ஏதோ ஒரு பட்டறையில் செய்தது. ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாத அலையைக் கசியவிட்டு அக்கம்பக்கத்து ரேடியோவையும் போனையும் கெடுக்கக் கூடாது. கசிகிறதா, எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. கையிலிருந்த அனலைசர், கசிவைத் திரையில் பச்சை முள்ளாக எழுப்பிக் காட்டும். அதோடு இணைந்த குச்சியின் நுனியில் ஒரு சின்ன வளையம். அதை எதன் பக்கத்தில் கொண்டுபோனாலும் மோப்பம் பிடிக்கும். கசிகிற இடத்தை நெருங்க நெருங்க முள் வளரும். அணைத்த பெட்டிக்கு முள் வரவே கூடாது.

வெளி அலை எதுவும் நுழையாதபடி இரும்புத் தகட்டால் அடைத்த அறை அது. சுவரிலும் கூரையிலும் கூர்கூராகக் கறுப்பு நுரைக்கட்டிகள். அவை அலையோடு சேர்த்துச் சத்தத்தையும் விழுங்கிவிடும்; வெளியே அவினாசி ரோட்டில் பட்டப்பகலில் பஸ்கள் ஹாரனை அலறவிட்டாலும், உள்ளே காதில் பஞ்சு அடைத்த மாதிரிதான் இருக்கும். பழைய ரப்பரும் சூடேறிய தூசியும் கலந்த வாடை வேறு. வருடக்கணக்கில் பழகிய வாடைதான், ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து ஏனோ குமட்டியது.

"அந்த இருட்டு ரூமுக்குள்ள நீ எதுக்குப் போறே கண்ணு?" என்று மாமியார் பங்காரம்மா காலையில்கூடக் கேட்டார். பிரீத்திகா சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். வளைகாப்பில் அவர் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் நிறைந்திருந்தன. அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் குழந்தைக்குக் கேட்கும் என்பார். அதை மட்டும் பிரீத்திகா கேலி செய்வதில்லை. வளையலைக் குலுக்கினால் உடனே உள்ளிருந்து ஓர் உதை வரும். அந்த உதைக்காகவே சும்மா சும்மா குலுக்குவாள். இதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. இது தங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"வேலண்ணா, பெட்டிய நிறுத்தீட்டீங்கள்ல?"

"நிறுத்திப்போட்டேனுங்க அம்மணி." வெளியே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் வேலனின் குரல், கூரையோர ஸ்பீக்கரில் வந்தது. "ஏனுங்க, முள்ளு போகலீங்களா?"

"இல்லீங்கண்ணா. ரூமுக்குள்ள ஓடறத ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணுங்க. எத நிறுத்துனா முள்ளு விழுதோ, அதுதான் திருட்டுப்பய."

புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். மின்விசிறி முனகி நின்றது. கேமராவின் பொட்டு வெளிச்சம் போனது. பிறகு விளக்குகள். இருட்டு கருங்கம்பளி போர்த்திய மாதிரி வந்து மூடியது. முள் அசையவில்லை.

"ஸ்பீக்கரையும் நிறுத்திருங்கண்ணா. பாத்துப்போட்டு நானே கதவத் திறந்து வாரேன்."

"சரிங்க அம்மணி."

ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கும் அணைந்தது. இனி அறையில் ஓடுவது அவள் கையிலிருந்த பேட்டரி அனலைசர் மட்டும். அப்போதும் முள் இருந்தது.

வளையத்தைப் பெட்டியின் மேல் கொண்டுபோனாள். முள் குறைந்தது. மேஜை மேல், இன்னும் குறைந்தது. தன் பக்கம் திருப்பினாள். வளர்ந்தது. போனை வெளியே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், கையில் வாட்சும் இல்லை. வளையத்தை மெல்ல இறக்கி வயிற்றில் வைத்தாள். முள் திரையின் உச்சியை முட்டியது. முட்டித் தாழ்ந்து, முட்டித் தாழ்ந்து, படபடவென்று துடித்தது. ஸ்கேன் அறையில் கேட்டாளே குழந்தையின் இதயத்துடிப்பு, அதே வேகம். நடக்க முடியாத காரியம் என்று அவள் படிப்பு சொன்னது. ஆனாலும் ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் பொங்கி, இருட்டில் தனியாகச் சிரித்தாள்.

"அம்மணி, இன்னும் ஒண்ணு ஓடுதுங்களே."

"ஆமாங்கண்ணா," என்றாள், அதே சிரிப்போடு.

பிறகுதான் மேலே பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

குரல் மேலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. இடுப்பு உயரத்திலிருந்து, நுரைக்கட்டிகளுக்கு நடுவிலிருந்து.

"அதையும் ஆஃப் பண்ணிரட்டுங்களா?"

"வேண்டாம்."

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. ஒண்ணொண்ணாத்தானுங்களே பாக்கோணும்."

அவ்வளவு மரியாதை. அவ்வளவு பணிவு.

ஓடினாள். எந்தப் பக்கம் கதவு? நுரைக்கூர்கள் கையில் உரசின. ஒன்று மட்டும் சூடாக இருந்தது. வளையம் வயிற்றோடு அழுந்தியிருந்தது. திரையில் முள் பாதியாகியிருந்தது.

"வேண்டாங்க. ஐயோ, வேண்டாங்க!"

கைப்பிடி. இழுத்தாள். இறுகியிருந்தது. முள் கால்வாசி. உடம்பைச் சாய்த்து இழுத்தாள். துடிப்பு மெதுவானது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

கதவு திறந்தது.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ரோட்டில் ஹாரன் சத்தம். வேலன் டீ டம்ளரோடு பதறி எழுந்தார். "ஏனுங்க அம்மணி, இப்பத்தான ஸ்பீக்கர நிறுத்துனேன்? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

அவள் குனிந்து கையிலிருந்த திரையைப் பார்த்தாள். பயத்தில் கட்டைவிரல் அனலைசரின் ஹோல்ட் பட்டனை அழுத்தியிருந்தது. அறைக்குள் கடைசியாகக் காட்டியது திரையில் அப்படியே உறைந்திருந்தது. வேலன் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, முள்ளு சுத்தமாப் போயிருச்சுங்களே! எத நிறுத்துனீங்க?"

பிரீத்திகா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையின் வளையல்களைக் குலுக்கினாள். நுரை இல்லாத அந்த அறையில் சத்தம் கணீரென்று கேட்டது. காத்திருந்தாள். மறுபடி குலுக்கினாள். வேலன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.