இரண்டு புகைக்குழாய்கள்

அந்தச் சனிக்கிழமை காலை முற்றத்தில் இருந்தவர்கள்: பத்து வயது ஷாமிலா, அவளுடைய சித்தப்பா அல்பேட், சித்தப்பாவின் கூட்டாளி றொபேட். பிறகு, சித்தப்பாவின் பழைய டீசல் பிக்கப். அதையும் ஓர் ஆளாகத்தான் எண்ண வேண்டும். வீட்டில் எல்லோரையும்விட அதற்குத்தான் கவனிப்பு அதிகம்.

பிக்கப்பின் முதுகில் இரண்டு புகைக்குழாய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. போன கிழமைதான் சித்தப்பாவும் றொபேட்டும் அவற்றை வாங்கிப் பூட்டினார்கள்.

"சித்தப்பா, இரவு முழுக்க மழை. குழாய்க்குள்ள தண்ணி நிக்கும்."

"மன்னாரில எங்கட ட்ராக்டருக்கும் மேலதான் குழாய். ஒரு நாளும் தண்ணி நிண்டதில்லை."

"மன்னாரில இங்க மாதிரி வருஷம் முழுக்க மழையே?"

றொபேட் சிரித்தார். சித்தப்பா சாவியைத் திருப்பினார்.

பிக்கப் இருமியது. பிறகு இரண்டு குழாய்களும் கரி கரைந்த தண்ணீரைத் துப்பின. பக்கத்துக் கொடியில் அயல்வீட்டு டேனிஷ் பெண்மணி இங்கர் அப்போதுதான் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டிருந்தார். அவை சிறுத்தைத் தோல் போலாகின.

றொபேட்டுக்குத் திடீரென்று ஏதோ வேலை ஞாபகம் வந்தது. போய்விட்டார்.

இங்கர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்தவர். இன்னும் படுக்கவில்லை. வெளியே வந்து டேனிஷில் கத்தினார். சித்தப்பாவுக்கு விளங்கியது ஒரு சொல்தான்: போலீஸ்.

 அவர் மனைவி மேரிகிறேஸை மன்னாரிலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டு வருஷம். பதில் இல்லை. அந்த வருஷங்களில் டென்மார்க்கில் பல தமிழருக்கு அதே கதிதான். காரணத்தை யாரும் சொல்லாததால் சித்தப்பா எல்லாவற்றுக்கும் பயந்தார்.

"முறைப்பாடு போனால் சித்தியை விடமாட்டாங்கள். பிள்ளை, வண்டி வாங்கேக்கயே குழாய் இப்பிடித்தான் இருந்தது எண்டு சொல்லு."

"பொய் சொல்லமாட்டன்."

ஷாமிலா இங்கரிடம் போய் டேனிஷில் பேசினாள். "சித்தப்பா செய்தது பிழை. மன்னியுங்கள். விரிப்புகளை நாங்கள் துவைத்துத் தருகிறோம். குழாய்களையும் கழற்றுகிறோம். நீங்கள் போய்த் தூங்குங்கள்."

"எப்போது கழற்றுவீர்கள்?"

"இன்றைக்கே."

இங்கர் அவளையும் குழாய்களையும் மாறிமாறிப் பார்த்தார். "சாயங்காலம் எழும்பிப் பார்ப்பேன். அப்போதும் குழாய் நின்றால் போலீசுக்குப் போன்தான்."

"என்ன சொன்னனீ?" என்றார் சித்தப்பா.

"நீங்கள் விரிப்புத் தோய்ப்பியள் எண்டு."

"அதுக்கு இவ்வளவு கதையே?"

"குழாயைக் கழட்டுவியள் எண்டும்."

"விசரே உனக்கு? சித்தியை விமான நிலையத்தில இருந்து கூட்டிவர எண்டெல்லோ பூட்டினனான்."

"அண்டைக்கும் மழை பெய்யும். சித்தி நல்ல சேலையோட பக்கத்தில நிப்பா."

சித்தப்பா விரிப்புகளைப் பார்த்தார். கொடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தார்.

நிலக்கீழ் அறையிலுள்ள மெஷினில் விரிப்புகள் சுழன்றன. மத்தியானமாகியும் சித்தப்பா குசினியில் அடுப்புப் பக்கமாய்க் குந்திக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறன்."

"மூண்டு குடிச்சாச்சு."

"கொஞ்சம் குளிருது."

ஷாமிலா அவருடைய ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். ஸ்பனரைக் கையில் வைத்தாள். முதுகில் கைவைத்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போனாள்.

"ஒரு குழாயை மட்டும் விடட்டே?"

"ரெண்டும்."

அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.