பெர்திகேயின் இரண்டாவது மகன்

அடுப்பை ஒட்டி உட்கார்ந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்தாகிவிட்டது, எசெனின் தோளில் ஒட்டியிருந்த பனி மட்டும் உருகவே இல்லை. தொக்தோசுன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மலையூரான நாரினில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. உள்ளே, செத்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று வியாழன்தோறும் சுடும் ரொட்டியை அவன் மனைவி புருல் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள்; மகள் ஐசிரெக் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு கணவாய்க்கு அப்பாலிருந்து வந்திருந்தான் எசென். புருலுக்கு வாயெல்லாம் பல். தொக்தோசுனோ, வீட்டில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தான்.

"ஏழு தகப்பன் பேரைச் சொல்லிப் பாத்துட்டா உறவு தெரிஞ்சுடப்போகுது, அண்ணே," என்றான் எசென்.

ஏழு தலைமுறைத் தகப்பன் பேரும் அங்கே குழந்தைக்குக்கூட மனப்பாடம். தொக்தோசுன் தன் அப்பாவிலிருந்து கடகடவென்று ஆரம்பித்தான். "மம்பெத், ஜுமாலி, கல்மத், பெர்திகே..."

"இருங்க. பெர்திகேக்கு எத்தனை பசங்க?"

"ஒருத்தர்தான். கல்மத், என் கொள்ளுத்தாத்தா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

தொக்தோசுனுக்குத் தெரியும். சாவதற்கு முன் அப்பா காதோடு சொல்லியிருந்தார். ஒரு பனிப்புயலில் கல்மத் தன் தம்பி சொல்தோபாயையும் அவர் கைக்குழந்தையையும் வெளியே விட்டுக் கதவைத் தாழிட்டார். காலையில் இரண்டு பேரும் வாசலில் விறைத்துக் கிடந்தார்கள். வீடும் மந்தையும் கல்மத்துக்கே வந்தன. அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது, அவருக்கென்று ரொட்டி சுடக்கூடாது, சொன்னால் வீடு போய்விடும் என்றார் அப்பா.

"ஒருத்தர்தான், தம்பி."

எசென் சிரித்தான். அடுப்புச் சூட்டிலும் அவன் வாயிலிருந்து வெள்ளை ஆவி வந்தது.

"சரிண்ணே. எங்கப்பா பேரு சொல்தோபாய்."

புருல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னங்க, கரி தீந்துபோச்சு. எடுத்துட்டு வாங்க."

வெளியே போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு. கொட்டகையில் கரி அள்ளும்போதுதான் உறைத்தது. கொள்ளுத்தாத்தா காலத்தில் செத்தவர். இவனுக்கு அப்பாவா? அப்படியானால் அந்தக் கைக்குழந்தை?

உள்ளே மகள் இருக்கிறாள்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். கதவு தாழிட்டிருந்தது. தட்டினான். கத்தினான். "ரெண்டு பசங்க. பெர்திகேக்கு ரெண்டு பசங்க. சொல்தோபாய்." காற்று வாயை அடைத்தது. விரல்கள் மரத்தன. ஜன்னலுக்குப் போனான்.

"யாரோ கூப்பிடுற மாதிரி இல்ல?" என்றாள் புருல்.

"காத்து," என்றான் எசென். ஜன்னலருகே வந்தான். கண்ணாடியில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னான். "உள்ள எங்களுக்கே இடம் பத்தல, அண்ணே. உங்க கொள்ளுத்தாத்தா எங்கப்பாகிட்ட சொன்னது."

பிறகு ஜன்னலோரமே உட்கார்ந்தான். மகள் ஐசிரெக் ஓடிவந்து எசெனின் மடியில் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் ஏழு தகப்பன் பேரையும் சொல்லிப் பரிசு வாங்கிய பிள்ளை, ஒரு பெயரும் தப்பாது. விரல் மடக்கிச் சொன்னாள்.

"எங்கப்பா எசென். அவரோட அப்பா சொல்தோபாய். அவரோட அப்பா பெர்திகே."

வெளியே நின்றவன் தன் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தான். அது நினைவுக்கு வரவில்லை.

புருல் மகளின் தலையைத் தடவினாள். "இன்னும் நாலு பேர் இருக்காங்களே, சொல்லு கண்ணு."