முடிச்சை அவிழ்க்கும் கை

கோப்பையின் விளிம்பில் மருமகளின் கை வாசனை இல்லை.

பெரியவருக்கு அது உடனே தெரிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். விஸ்கி மூக்கில் ஏறுவதற்கு முன்பே ஊற்றியவரின் கை ஏறிவிடும். மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் விரல்களில் கடையின் கைகழுவும் திரவமும், அதற்கு அடியில் மெலிதாகப் பிளாஸ்திரிப் பசையும் எப்போதும் இருக்கும். முந்தின நாள்வரை இருந்தன. இன்று அந்த இடத்தில் நனைந்து காயாத கம்பளியும், நெடுநாள் தண்ணீரில் கிடந்த இரும்பும் இருந்தன.

"கையை எதுலம்மா கழுவின?"

"எப்பவும் போலத்தான் மாமா. ஏன்?"

சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். ஸ்காட்லாந்து மேட்டுநிலம், அமெரிக்க பர்பன் இருந்த பீப்பாய், பன்னிரண்டு வருஷம். அவள் குட்டிப் புட்டியின் கறுப்புத் தாளைக் கிழித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. பின்னால் வந்து அவர் தலையில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் முன்னறை எப்போதும் போலவே இருந்தது. மழைக்கோட்டு மாட்டும் கொக்கிகள் வரை நடந்து போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் உலர்ந்திருந்தன.

மூக்கர் வீடு என்றால் மது வணிகத்தில் தெரியாதவர் கிடையாது. அது பெரியவரின் அப்பாவுக்கு வந்த பட்டப்பெயர். கப்பலில் வந்து இறங்கும் ஸ்காட்ச் பீப்பாய்களை முகர்ந்து, எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வதுதான் தொழில். குடிகாரக் குடும்பம் என்று அவர்களை ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு, முதுகு வளையாமல் எழுந்து போகிறவர்கள்.

அந்தத் தொழில் வீட்டுக்குள்ளும் ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தது. சுவைப்பவர் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும், ஒரே முடிச்சு. ஊற்றுகிறவர் சரக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கோப்பையை வைத்ததும் மேசையில் விரலால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். தீர்ப்பு என்பது எந்தப் பக்கத்துச் சரக்கு, என்ன பீப்பாய், எத்தனை வயது. சரியாகச் சொன்னால் ஊற்றியவரே பின்னால் வந்து முடிச்சை அவிழ்ப்பார். தப்பாகச் சொன்னால் ஒரு பேச்சும் இல்லாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தோற்றவர் தானே அவிழ்த்துக்கொள்ளலாம். தீர்ப்புக்கு முன்னால் துணியில் கை வைத்தால் அதுவும் தோல்வி. அந்த வீட்டுக் குடும்பத் தலைவர் முன்னாலிருந்து கோப்பை திரும்பிப் போனது கிடையாது. அப்பா சுவைத்த கோப்பை அவருக்குப் பிறகு பெரியவரிடம் வந்திருந்தது.

இந்த வருஷம் மழை தொடங்கும்போது பெரியவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. மூக்கு கொஞ்ச நாள் மந்தமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது சொந்தக்காரர்கள் மத்தியில் எப்படியோ பரவிவிட்டது. எப்படியோ என்ன, தம்பிதான் பரப்பினார். அண்ணனுக்கு இப்போது மண்ணெண்ணெயும் விஸ்கியும் ஒன்று என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரித்தாராம். அப்பாவின் கோப்பை யாருக்கு மூக்கு இருக்கிறதோ அவர்கள் வீட்டில்தானே இருக்க வேண்டும் என்றும் கேட்டாராம். பெரியவர் பதிலுக்கு ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: விடுமுறைக்குக் குடும்பத்தோடு வா, எல்லார் முன்னாலும் உட்காருகிறேன், தவறினால் கோப்பையை எடுத்துக்கொண்டு போ.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் அதற்கென்றே ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். விடுமுறை வரும்வரை நாளுக்கு ஒரு குட்டிப் புட்டி. ஒவ்வொன்றும் கறுப்புத் தாளில் சுற்றி, வெளியே எண் மட்டும். எண்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் புட்டி தம்பி முன்னால். அதுவரை தினமும் சாயங்காலம் மருமகள் ஊற்றுவாள்.

அடுத்தடுத்த நாள்களிலும் அந்தக் கை இருந்தது. ஒரு நாள் கம்பளி மட்டும். ஒரு நாள் இரும்போடு, கல்லுக்கு அடியில் இருக்கும் மண்ணின் குளிர்ச்சியும் சேர்ந்தது. தீர்ப்பு ஒன்றும் தவறவில்லை. மூக்கு முன்னைவிடக் கூர்மையாகவே இருந்தது. பீப்பாய்க்குள் முன்பு இருந்த ஷெரி ஒயின், கடற்காற்று, சதுப்பு மண்ணை எரித்த புகை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் பின்னால் அது நின்றது. கதவுக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல.

யாரிடம் சொல்வது? இல்லாத வாசனை வருகிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், தம்பி கோப்பைக்குப் பெட்டி செய்துகொண்டு வந்து நிற்பார்.

ஒரு சாயங்காலம் மருமகள் முடிச்சை அவிழ்த்த பிறகும் நகராமல் நின்றாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. புட்டி எல்லாத்துலயும் ஒரு வாய் குறையுது."

"குறையுதுன்னா?"

"மூடி திறந்து மூடின மாதிரி இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பெரியவருக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் முன்கூட்டியே திருட்டுத்தனமாகச் சுவைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாக இந்தப் பெண் நினைக்கிறாள். நினைத்துவிட்டு, மாமனாரின் மானத்துக்காக மூடி மறைக்கவும் தயாராக இருக்கிறாள். கோபிக்கக்கூட வழியில்லை. எழுந்து போய்ப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் கண் எதிரிலேயே சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இனிமே நீ கேட்டாத்தான் திறப்பேன். சரியா?"

"சரி மாமா."

அன்று ராத்திரி சாவி நெஞ்சில் பட்டபடி படுத்திருந்தார். தூக்கம் வரவில்லை. முன்னறையில் ஒரு சத்தமும் இல்லை. மழைநீர் குழாய் வழியே இறங்கும் சத்தம். ஃப்ரிட்ஜ் நடுங்கி ஓய்கிற சத்தம். அதற்குப் பிறகு, ரொம்ப நேரம் கழித்து, யாரோ நிதானமாக ஒரு வாய் விழுங்குகிற சத்தம். அது தன் தொண்டைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மறுநாளும் ஒரு வாய் குறைந்திருந்தது. மருமகள் புட்டியை விளக்கில் பிடித்துக் காட்டிவிட்டு வைத்தாள். விளிம்பில் அன்று இருந்தது கையின் வாசனை மட்டுமல்ல. வாயின் வாசனையும் இருந்தது. மூடியே கிடந்து இப்போதுதான் திறந்த வாய்.

கடைசி நாள் மதியமே வானம் இருட்டிவிட்டது. மருமகள் ரயிலடியிலிருந்து சின்ன மாமனார் குடும்பத்தை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புட்டியை இப்போதே எடுத்து வெளியே வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வந்ததும் எல்லார் எதிரிலும் சாவி தருகிறேன் என்றார். விருந்தாளிகள் உள்ளே வரும்போது தான் கண்ணைக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பா அப்படித்தான் உட்காருவார்.

சட்டையை மாற்றிக்கொண்டார். அப்பாவின் கோப்பையைத் துடைத்து மேசை நடுவில் வைத்தார். மழை வலுத்தது. வாசலில் கார் வந்து நின்றால்கூடக் கேட்காத மழை. நாற்காலியில் உட்கார்ந்து, துணியை மடித்துக் கட்டி, ஒரு முடிச்சுப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. காற்று ஒரு முறை உள்ளே வந்து நின்றது. சமையலறையில் காலடி. குழாய் திறந்து மூடியது. மருமகள் முன்னால் வந்துவிட்டாள், மற்றவர்கள் சாமான் இறக்குகிறார்கள் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். கழுத்துக் கயிற்றோடு சாவியைத் தூக்கி நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

மூடி திருகும் சத்தம். ஊற்றும் சத்தம், சன்னமாக, அவசரமில்லாமல். கோப்பை மரத்தில் உரசி அவர் பக்கம் நகர்ந்தது.

இரண்டு தட்டு.

கழுத்தைத் தொட்டார். சாவி அங்கேயே இருந்தது.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தடவி எடுத்துப் பொத்தானை அழுத்தினார். மறுமுனையிலும் மழை.

"மாமா, நான்தான். பாலத்தை மூடிட்டாங்க. நாங்க இன்னும் ரயிலடியிலயேதான் இருக்கோம். வர ரொம்ப நேரம் ஆகும் போல. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

பெரியவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மாமா? கேக்குதா?"

"நீ இங்க வரலையா?"

"எங்க மாமா?"

இரண்டு தட்டு. முன்னைவிடக் கொஞ்சம் பலமாக.

"யாரு மாமா அங்க தட்டறது?"

அவள் குரல் மாறிவிட்டிருந்தது. அவளுக்கும் கேட்கிறது. அப்படியானால் இது காய்ச்சலில் கெட்டுப்போன மூக்கின் வேலை இல்லை. இத்தனை நாளாக அவர் வேண்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு சாட்சியைத்தான். இப்போது அது கிடைத்தபோது, கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

போனில் அவளுக்குப் பின்னால் தம்பியின் சிரிப்பு கேட்டது. போனை அவளிடமிருந்து வாங்கிவிட்டார்.

"என்ன அண்ணா, நாங்க வர்றதுக்குள்ளயே கச்சேரியா? யாரு ஊத்தறாங்க? நீங்களே ஊத்தி, நீங்களே தட்டி, நீங்களே தீர்ப்பா?"

"நான் கண்ணைக் கட்டியிருக்கேன்."

"கட்டியிருக்கறத யாரு பாத்தா?"

மருமகளின் குரல் குறுக்கே வந்தது. துணியை அவிழ்த்துவிட்டு வெளியே ஓடுங்கள், பக்கத்து வீட்டுக்குப் போங்கள் என்றாள். பெரியவரின் கை தானாக உயர்ந்தது. விரல் முடிச்சைத் தேடியது.

"அவுத்தா அவுத்ததுதான்," என்றார் தம்பி. "கிளாஸை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

கை இறங்கியது.

கோப்பை மூக்குக்குக் கீழே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஈரக் கம்பளி. இரும்பு. கல்லடி மண். இத்தனை நாள் துண்டு துண்டாக வந்தது இன்று முழு ஆளாக நின்றது. அதற்கும் முன்னால், எந்தக் குறையும் இல்லாமல், விஸ்கி.

வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் அவர் முகர்ந்ததில்லை. தீர்ப்பு நாக்கின் நுனியில் இருந்தது.

தப்பாகச் சொன்னால் போதும். வேறு ஒரு பீப்பாய், வேறு ஒரு வயது, எதுவானாலும். கோப்பையை எடுத்துக்கொண்டு அது போய்விடும். முறை அதுதான். இன்றும் முறை தவறாமல்தான் அது ஊற்றித் தட்டியிருக்கிறது. போவதென்றாலும் முறைப்படியே போகும். ஒரு பொய். சமவெளி, பத்து வருஷம் என்று ஒரு பொய்.

வாயைத் திறந்தார்.

"சொல்லுங்களேன்," என்றார் தம்பி. "மண்ணெண்ணெயா?"

சிரிப்பு. தம்பியின் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. அவர் நிமிர்த்தவில்லை, அது நிமிர்ந்தே பழகியது. பொய்த் தீர்ப்பு அந்த வாயில் வரவில்லை.

"தீவுச் சரக்கு," என்றார். "ஷெரி பீப்பாய். பதினாறு வருஷம்."

தாள் கிழிந்தது. நிதானமாக. சுற்றிலும், முழுதாக.

பிறகு கோப்பை மேசையில் இறங்கியது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

போனில் மருமகள் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குரல் நின்றது.

காலடி. மேசையைச் சுற்றி. ஈரக் காலடி. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. உச்சந்தலையில் மூச்சு பட்டது. சூடில்லாத மூச்சு.

முடிச்சில் விரல்கள்.

அவை அவசரப்படவில்லை. நல்ல முடிச்சு, இறுகிய முடிச்சு. ஒரு புரியைத் தளர்த்தின. இன்னொன்றைத் தளர்த்தின. துணி தளர்ந்து, மூக்கின்மேல் சரிந்து, மடியில் விழுந்தது.

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்து, இமைகளை இறுக்கி, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். காலடி முன்பக்கம் வந்தது. எதிரில் நாற்காலி இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

மழை பெய்துகொண்டிருந்தது.

எதிரில் இருந்தது காத்திருந்தது.

பிறகு இரண்டு தட்டு.

மேசையில் அல்ல. குளிர்ந்த, ஈரமான ஒரு விரல். அவருடைய மூடிய இமையின் மேல்.