குட்டி மரங்கொத்திக்கு ஒரு கண்சாட்சி

விடிந்ததும், பறவைக் குரல்களை ஒட்டுக்கேட்கும் தெருக்கம்பத்துச் செவிப்பெட்டி பச்சை காட்டும். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் தெருவில் அடுப்புப் பற்றவைப்போம். அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. குட்டி மரங்கொத்தியின் குரலாம். அற்றுப்போனதாக எழுதிவைத்த பறவை திரும்பி வந்தால், அந்த மரத்தைச் சுற்றியுள்ள குடிகள் காலி செய்ய வேண்டும். சட்டம். கடல் எடுத்துக்கொண்டது போக எங்களுக்கு மிஞ்சியது இந்தத் தெருதான்.

நான் பெட்டியையும் நம்புவதில்லை, அதை மாட்டியவனையும் நம்புவதில்லை. சட்டமும் பெட்டியை முழுசாக நம்பவில்லை. தெருக்காரன் ஒருவன் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் செல்லும். குரல் வந்த வாகைமரம் என் வாசலில் நிற்பதால் அது என் தலையில் விழுந்தது.

பறவைத்துறை ஆள் நிலவன் கைத்திரையில் படம் காட்டினார். "குருவி அளவுதான் ஐயா. பழுப்பு உச்சி, முதுகுல வெள்ளைப் பட்டை. ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால சின்னதாச் சிவப்புக் கீற்று. குரல் கிக்கிக்கிக்னு அதிரும்."

"எவனோ ஸ்பீக்கர் வச்சிருக்கான். எடம் வேணும்னா நேரா வந்து கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ஏறிப் பாத்துச் சொல்லுங்க மாமா," என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள். இடுப்பில் கைப்பிள்ளை. "நீங்க இல்லன்னா இல்லதான்."

தெருக்காரர்கள் கீழே பிடித்துக்கொள்ள, ஏணி வைத்து ஏறினேன். நான் சொன்னது சரி. கிளை இடுக்கில் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பறவை உட்கார்ந்து அதைக் கொத்திக்கொண்டிருந்தது. பழுப்பு உச்சி. தலையைத் திருப்பியபோது சிவப்புக் கீற்று தெரிந்தது, நகம் கீறியது மாதிரி. போலிக் குரலை வேறொரு ஆண் என்று நினைத்து எங்கிருந்தோ சண்டைக்கு வந்திருக்கிறது.

ஸ்பீக்கரைப் பிய்த்துக் கீழே எறிந்தேன். பறவை மேல்கிளைக்குத் தாவியது. கீழே ஒரே விசில். நிலவன்கூடச் சிரித்துவிட்டார்.

"அப்ப போலிதானே ஐயா? பதிஞ்சிடவா?"

ஆமாம் என்றால் போதும். என் கண் மேல்கிளைக்குப் போனது. அந்த நேரம் பார்த்து மேலே கிக்கிக்கிக் என்றது.

"இன்னொண்ணு வச்சிருக்கானுங்க பாவிங்க!" ஒச்சம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டுக் கல்லெடுத்தாள். அவள் குறி தப்பாது. பறவையோ நகராமல் எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது.

"கல்லக் கீழ போடு ஒச்சு," என்றேன். "அது பொட்டி இல்ல. உசிரு."

"மாமா... நமக்குப் போக எடம் ஏது?"

"தெரியும் தாயி."

கல்லை அவள் கீழே போட்டுவிட்டாள். ஏணியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.